யூரியாவின் வாடை

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்கிறார்: மொட்டைமாடியில் மிளகாய்ச் சாடிகளுக்கு யூரியா தூவினால் இரண்டு நாளில் கழிப்பறை வாடை வீசுகிறது, கடைக்காரர் கலப்படம் செய்துவிட்டாரா? இல்லை அம்மா, சரக்கு சுத்தம்தான். அது அமோனியா. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நைதரசன் காற்றோடு போகிறது.

யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். ஆனால் அதில் பெரும்பகுதி அமோனியமாக, அதாவது மண் பிடித்துவைக்கும் அமோனியா அயனாக, உடைந்த பிறகுதான் வேருக்குக் கிடைக்கிறது. சுத்தமான நீரில் அது தானாக உடையப் பல ஆண்டுகள் பிடிக்கும். மண்ணிலோ சில நாட்களிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. முடித்துவைப்பது யூரியேசு என்ற நொதியம். இதன் மேல் எனக்குத் தனிப் பிரியம். உள்ளே இரண்டு நிக்கல் அணுக்களை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறது. அதை உண்டாக்கிய பற்றீரியா செத்த பிறகும் களித்துகளில் ஒட்டிக்கொண்டு ஓயாமல் உடைக்கிறது. சிறுவயதில் வேட்டை விபத்தில் இடக்கையை இழந்த ஜேம்ஸ் சம்னர், 1926 இல் ஓர் அவரையினத்தின் மாவிலிருந்து இதைப் பளிங்காகப் பிரித்தெடுத்து, நொதியம் என்பது புரதமே என்றார். பெரிய தலைகள் நம்பவில்லை. நோபல் பரிசு வந்துசேர 1946 ஆயிற்று.

உடையும்போது யூரியா சுற்றியுள்ள ஐதரசன் அயன்களை இழுத்துக்கொள்கிறது. யூரியா மணியை ஒட்டிய மண்ணின் பீ.எச் (அமில, கார அளவு; 7 நடுநிலை, மேலே போனால் காரம்) 9 வரைகூட ஏறிவிடும். பீ.எச் 7 இல் அமோனியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அமோனியா வாயுவாக இருக்காது. 9 இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாயு. மேலே கிடந்தால் பறக்கும். இரண்டு அங்குலம் புதைத்து நீர் விட்டால் மண் பிடித்துக்கொள்ளும். இன்னொரு பசளையான அமோனியம் சல்பேற்றில் நைதரசன் 21 சதவீதம்தான், ஆனால் இந்த ஏற்றம் இல்லை. சுண்ணாம்பு மண்ணில் மட்டும் அதுவும் அமோனியாவைப் பறிகொடுக்கும். மண்ணை மெல்ல அமிலமாக்குவது அதன் குணம். தேயிலைக்கு அது ஒத்துப்போகும்.

நெல் வயலில் கூத்து வேறு. தேங்கிய நீரிலுள்ள பாசி பகலெல்லாம் காபனீரொட்சைட்டை உறிஞ்ச, பிற்பகலில் நீரின் பீ.எச் 9 ஐத் தொடும். தூவிய யூரியா வெயிலோடு கிளம்பிவிடும். இட்ட நைதரசனில் பயிருக்குள் போவது பெரும்பாலும் 30, 40 சதவீதமே. நைத்திரேற்றுப் பசளை இன்னும் மோசம்: ஒட்சிசன் இல்லாத சேற்றில் பற்றீரியாக்கள் அதையே சுவாசித்து வாயுவாக்கிவிடும். அப்படிப் போகும் வாயுக்களில் ஒன்று நைதரசு ஒட்சைட்டு; நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட 273 மடங்கு சூடேற்றுவது. ஆனால் இது அதிகம் கசிவது எப்போதும் மூழ்கிய வயலில் அல்ல, நனைந்து காய்ந்து மறுபடி நனையும் நிலத்தில்.

2021 இல் இரசாயனப் பசளையின் இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தியபோது, கொழும்பில் எல்லோரும் இரசாயனமா சேதனமா என்றே மல்லுக்கு நின்றார்கள். ஈரமான கோழி எருக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத் தெரியும், அங்கே மூக்கைத் துளைப்பதும் இதே அமோனியாதான். எந்த வடிவில், எந்த ஆழத்தில், எந்த நேரத்தில் இடுவது என்று கேட்டவர்கள் சிலரே. இத்தனைக்கும், நைதரசன் விரயத்தை 2030 க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்ற பிரகடனம் 2019 ஒக்டோபரில் இதே கொழும்பின் பெயரில்தான் வெளியானது. யூரியேசைச் சில நாள் முடக்கிவைக்கும் பூச்சுப் போட்ட யூரியா உலகச் சந்தையில் ஏற்கெனவே இருக்கிறது. நம் மண்ணில் அந்த விலை கட்டுபடியாகுமா என்று சோதிக்கக் கொஞ்சம் வயலும் இரண்டு போகத்துக்கான ஆய்வாளர் சம்பளமும் வேண்டும்; அதற்குக் கேட்டால் மட்டும் திறைசேரி காலி என்கிறார்கள்.