கோட்: நாண் அன்று, இசைவு

மலையகத்தில் லயம் என்றால் முதலில் வீடு, தாளம் அப்புறம்தான். இரட்டைப் பொருளில் இவ்வளவு பழகிய நம்மையும் கிட்டார்க்காரர்களின் 'கோட்' (chord: பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) குழப்பிவிடுகிறது. ஹட்டன் பக்கத்துத் தேவாலயப் பாட்டுத்தாள் ஒன்றில் அதை 'நாண்' என்று தமிழாக்கியிருந்தார்கள். சாதாரணதரக் கணிதத்து வட்டத்தின் நாண் நினைவுக்கு வந்திருக்கும்.

வட்டத்தின் நாணும் ஆங்கிலத்தில் கோட்தான்; அதற்கு நாண் சரி. அந்தக் கோட், குடலையும் குடலில் முறுக்கிய தந்தியையும் குறித்த 'கோர்டே' என்ற கிரேக்கச் சொல்வழி வந்தது. (நம் முன்னோரும் யாழின் தந்தியை நரம்பு என்றார்கள்; சுரத்தையும் நரம்பு என்றார்கள்.) இசையில் வரும் கோட் வேறு வீட்டுப் பிள்ளை. உடன்பாடு எனப் பொருள்படும் 'அக்கோர்ட்' தலை தேய்ந்து அப்படி ஆனது. பிற்காலத்தில் கிரேக்கச் சொல்லோடு மயங்கி, எழுத்துக்கூட்டலில் ஒரு 'எச்' நுழைய, இரண்டும் ஒரே உருவம் பெற்றன. உடன்பாட்டுக்கு நம்மிடம் 'இசைவு' இருக்கிறது. பாட்டும் சம்மதமும் ஒரே சொல்லில் அடங்கும் மொழியில் வேறெங்கே தேடுவது? என் தெரிவு 'சுர இசைவு'.

மேலைச் சுரங்களான சி, ஈ, ஜி மூன்றும் சேர்ந்தால் சி மேஜர் என்ற இசைவு. நம் ச, க, ப. இதன்மேல் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கினால் சி7-இல் பி ஃபிளாட் (பி-க்கு அரைச்சுரம் கீழே), சி9-இல் அதோடு டி, பிறகு 11, 13; எண்கள் சி-யை ஒன்றாக வைத்து எண்ணியவை. ஒன்பதிலிருந்துதான் இது 'விரி இசைவு'. ஒன்பது என்பது மேல் ஸ்தாயியின் இரண்டாம் சுரம். பதினைந்துக்கு ஏறினால் மறுபடி ச-வில் நிற்போம். அதனால் பதின்மூன்றோடு நிறுத்துகிறார்கள். அங்கே ஏழு சுரம், கிட்டாரிலோ ஆறு தந்தி. ஐந்தாம் சுரத்தைத் தயங்காமல் விடலாம். பதினொன்றையும் பெரும்பாலும் விடுவார்கள். மூன்றும் ஏழும்தான் இசைவின் முகம், அவற்றை விடக்கூடாது. 'சி ஆட் 9' (சி மேஜரோடு ஒன்பதை மட்டும் சேர்ப்பது) வேறு: அதில் ஏழு கிடையாது.

பாட்டுத்தாளில் வரும் 'சி/ஜி' என்ற குறியைச் 'சி அல்லது ஜி' என்று வாசிப்பவர்கள் உண்டு. வீட்டு இலக்கம் 24/3 என்றால் இருபத்து நான்கையும் மூன்றையும் மாறிமாறித் தட்டுவார்களா? சாய்கோட்டுக்கு இடப்புறம் இசைவு; வலப்புறம் மிகத் தாழ்ந்து ஒலிக்க வேண்டிய சுரம். ஆங்கிலத்தில் இது 'ஸ்லாஷ் கோட்'. ஆகவே குறியின் பெயரான 'சாய்கோடு' வேண்டாம், 'அடிச்சுர இசைவு' என்போம். ஜி, டி/எஃப் ஷார்ப், ஈ மைனர் என்று வாசித்துப் பாருங்கள்: அடியில் ஜி, எஃப் ஷார்ப், ஈ எனப் படியிறங்கும். நடுவில் உள்ளதற்குப் பெருவிரலைக் கழுத்தின் மேலாக வளைத்து, ஆறாம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கட்டையில்) அழுத்த வேண்டும். விரல் எட்டாவிட்டால் வெறும் டி போதும். இறக்கத்தைப் பேஸ் கிட்டார்க்காரர் பார்த்துக்கொள்வார்.