மின்னேற்றமே இல்லாத கடதாசி சீப்பிடம் ஏன் தாவுகிறது?

"ஒத்த மின்னேற்றங்கள் தள்ளும், ஒவ்வாத மின்னேற்றங்கள் கவரும்" என்பதை யாழ்ப்பாணத்தில் சாதாரண தரம் படிக்கும் பிள்ளைகள் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்த வரியை மட்டும் வைத்து, வகுப்பில் எல்லாரும் செய்து பார்க்கும் செய்முறையையே விளக்க முடியாது. தலைமயிரில் தேய்த்த பிளாஸ்டிக் சீப்பு கடதாசித் துண்டுகளை இழுக்கிறது. சீப்பில் ஏற்றம் இருக்கிறது, சரி. கடதாசியை யாரும் தேய்க்கவில்லையே?

சீப்பின் கதை எளிது. தேய்க்கும்போது மயிரிலிருந்து சில இலத்திரன்கள், அதாவது அணுக்களில் உள்ள மறை ஏற்றத் துகள்கள், பிளாஸ்டிக்குக்குப் போகின்றன. சீப்பு மறை ஏற்றம் பெறும், மயிர் நேர் ஏற்றம் பெறும்.

கடதாசியில் நேரும் மறையும் சம அளவில் உள்ளன. சீப்பு கிட்ட வந்ததும் மூலக்கூறுகளில் உள்ள இலத்திரன்கள் சீப்புக்கு எதிர்ப்புறமாக ஒதுங்குகின்றன. ஒதுங்கும் தூரம் ஓர் அணுவின் அகலத்திலும் மிகக் குறைவு. அதுவே போதும். சீப்பை நோக்கிய பக்கம் சற்று நேராகவும் மறுபக்கம் சற்று மறையாகவும் ஆகிவிடும். ஒரு பக்கம் கவர்ச்சி, மறுபக்கம் தள்ளுகை. இரண்டும் சமமானால் துண்டு அசையவே கூடாது.

இதற்கு விடை, பிரெஞ்சுப் பொறியியலாளர் கூலோம் 1785இல் முறுக்குத் தராசு (இழை முறுகும் அளவைக்கொண்டு சிறு விசைகளை அளக்கும் கருவி) கொண்டு அளந்து சொன்னதில் இருக்கிறது. தூரம் இருமடங்கானால் விசை காற்பங்காகும், மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். நேர்ப் பக்கம் துளியளவு கிட்ட இருப்பதால் கவர்ச்சி சற்றே மிஞ்சுகிறது. அந்த மிச்சம்தான் முழுப் பூமியின் இழுப்பையும் மீறித் துண்டைத் தூக்குகிறது! மின்விசை அவ்வளவு வலியது: அணுக்கருவில் உள்ள நேர் ஏற்றத் துகள்களான புரோத்தன்கள் இரண்டுக்கிடையிலான தள்ளுகை, திணிவு காரணமாக அவற்றுக்கிடையே உள்ள ஈர்ப்பைவிட ஏறத்தாழ 1க்குப் பின் 36 சைபர் போட்ட மடங்கு பெரியது.

ஒட்டிய துண்டுகளைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். சில திடீரென்று தெறித்து விழும். தொட்டுக்கொண்டிருந்தபோது சீப்பின் இலத்திரன்களில் கொஞ்சம் கடதாசிக்கு ஏறிவிட்டன. இப்போது இரண்டும் மறை, அதனால் தள்ளுகை. பிள்ளைகள் மனப்பாடம் செய்த வரி இந்த இடத்தில்தான் கண்முன்னே நடக்கிறது. பலர் இதைப் பார்க்காமலே சீப்பை வைத்துவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய கவலை.

மாரி மழை நாட்களில் இது சரிவராது. ஈரக் காற்றில் சீப்பின் மேல் படியும் மெல்லிய நீர்ப்படலம் வழியாக ஏற்றம் கசிந்துவிடும். சோளகம் வீசும் வறண்ட நாளொன்றில், எண்ணெய் வைக்காத தலையில் தேய்த்துப் பாருங்கள்.