இருபதுக்கு எத்தனை? குழந்தை நலப் புகார்களுக்கு மதிப்பெண் போடும் கணினி

அமெரிக்காவில் ஒரு குழந்தை பதினெட்டு வயதை எட்டுவதற்குள் குழந்தை நலத் துறையின் விசாரணைக்கு உள்ளாகும் வாய்ப்பு ஏறத்தாழ 37 சதவீதம் என்றும், கறுப்பினக் குழந்தைகளுக்கு அது 53 சதவீதம் என்றும் 2017-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் ஆசிரியரோ மருத்துவரோ அக்கம்பக்கத்தாரோ தொலைபேசியில் சொல்லும் புகாரில்தான் இந்த விசாரணைகள் தொடங்குகின்றன. கடுமையான அடி, பாலியல் கொடுமை போன்றவற்றில் சட்டமே விசாரிக்கச் சொல்லிவிடும். ஆனால் பெரும்பான்மைப் புகார்கள், குழந்தையைச் சரியாகக் கவனிக்காமல் விடும் புறக்கணிப்பு பற்றியவை. பெற்றோரின் அலட்சியம் எது, வெறும் வறுமை எது என்று அழைப்பை எடுத்தவர் சிறிது நேரத்தில் பிரித்தறிந்து, அந்த வீட்டுக்கு ஆள் அனுப்புவதா வேண்டாமா என்று சொல்லியாக வேண்டும்.

ஆஸ்திரேலிய உளவியலாளர் லென் டால்க்லீஷ் இந்த முடிவுக்குள் இரண்டு வேறு செயல்கள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார். ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிடுவது ஒன்று. எவ்வளவு ஆபத்து இருந்தால் தலையிடலாம் என்று வரம்பு வைப்பது மற்றொன்று. ஆகவே ஆபத்தை ஒரே அளவாக மதிப்பிடும் இரு பணியாளர்கள் நேரெதிர் முடிவுக்கு வரலாம். குழந்தையைக் காக்கத் தவறுவதை அஞ்சுபவரின் வரம்பு தாழ்வாகவும், குடும்பத்தை வீணாகக் குலைப்பதை அஞ்சுபவரின் வரம்பு உயர்வாகவும் இருக்கும்.

பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் நகரை உள்ளடக்கிய அலகெனி கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), 2016 ஆகஸ்டில், முதல் செயலில் மட்டும் கணினியின் துணையைச் சேர்த்துக்கொண்டது. பொருளியலாளர் ரேமா வைத்தியநாதனும் சமூகப்பணி ஆய்வாளர் எமிலி பட்னம்-ஹார்ன்ஸ்டைனும் தலைமையேற்று உருவாக்கிய அந்தக் கருவி, சிறைப் பதிவு, மனநலச் சிகிச்சை, முந்தைய புகார்கள் போன்ற அரசுத் தரவுகளைத் திரட்டி, 1 முதல் 20 வரை ஒரு மதிப்பெண் தருகிறது; எண் கூடினால் ஆபத்தும் கூடுதல் என்று பொருள். அழைப்பை எடுப்பவரும் மேற்பார்வையாளரும் அதைப் பார்க்கிறார்கள். வீட்டுக்குச் சென்று விசாரிப்பவருக்கு முன்முடிவு ஏற்படக் கூடாது என்பதால் அவரிடம் காட்டுவதில்லை.

அந்த மதிப்பெண் எதை அளக்கிறது என்பதே என் பார்வையில் முதன்மையான கேள்வி. குழந்தை துன்புறுத்தப்படுமா என்பதை நேரடியாக அளக்க வழியில்லை. வீட்டுக்குள் நடப்பது பதிவேட்டில் ஏறுவதில்லை. அதனால் கருவி, இரண்டாண்டுகளுக்குள் அக்குழந்தை வீட்டிலிருந்து அகற்றப்படுமா என்று கணிக்கிறது. அகற்றுவதோ அதே குழந்தை நல அமைப்பின் செயல். அதன் பழைய சாய்வுகளும் கணிப்பில் ஏறிவிடும். மேலும், தனியார் மருத்துவரிடம் பணம் கொடுத்துச் செல்லும் வசதியான குடும்பத்தின் பதிவு அரசுத் தரவில் இல்லை. அரசு உதவியில் வாழும் குடும்பத்தின் பதிவு முழுக்க இருக்கிறது.

இதற்கிடையில் ஒரு தொழில்நுட்பக் கோளாறு, ஆய்வாளர்களுக்கு எதிர்பாராத சோதனைக்களமானது. சில காலம் ஒரு பகுதி அழைப்புகளுக்குப் பிழையான மதிப்பெண்கள் திரையில் தோன்றின. பணியாளர்களுக்குக் கோளாறு தெரியாது. இருந்தும், மதிப்பெண் பிழையாக இருந்த அழைப்புகளில் அதைப் பின்பற்றாமல் விடும் போக்கு அவர்களிடம் கூடுதலாக இருந்ததை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. புகார் சொன்னவரின் பேச்சு அவர்கள் காதில் இருந்தது. கணினிக்கு அது எட்டவில்லை. கணினியின் மதிப்பெண்ணை மட்டும் பின்பற்றியிருந்தால், விசாரணைக்கு எடுக்கப்படும் விகிதத்தில் கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளுக்கு இடையே இருந்திருக்கக்கூடிய 20 சதவீத வேறுபாட்டைப் பணியாளர்களின் முடிவுகள் 9 சதவீதமாகக் குறைத்தன என்று 2022-இல் மற்றோர் ஆய்வு கணக்கிட்டது.

வரம்பு வைக்கும் வேலை எப்போதும் மனிதரிடமே இருந்தது. மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற புகாரைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும், மேற்பார்வையாளர் மட்டுமே விலக்களிக்கலாம் என்பது அலகெனி நிர்வாகம் வகுத்த விதி. அலகெனியைப் பார்த்துத் தனக்கென ஒரு கருவியை அமைத்துக்கொண்ட ஓரிகன் மாநிலமோ, இனப் பாகுபாடு பற்றிய கவலைகள் எழுந்த நிலையில், 2022-இல் அதைக் கைவிட்டது.