பட்டுப்பூச்சி முட்டை உறங்குமா, பொரியுமா? தீர்மானிப்பது தாய்தான்

மல்பெரி பட்டுப்பூச்சியின் முட்டை ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் அகலம் இருக்கும்; தட்டையானது. கிராமுக்கு 1,700 முதல் 2,000 முட்டைகள் வரை நிற்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஓட்டின்மேல் பலகோணக் கட்டங்கள் தெரியும். சினைக்குழலில் அந்த ஓட்டைச் சுரந்த செல்கள் பதித்த அச்சு அது. ஒரு முனையில் விந்து நுழையும் நுண்துளை. மற்ற இடங்களில் சிதறிக்கிடக்கும் காற்றுத்துளைகள் வழியாகத்தான் கரு சுவாசிக்கிறது. ஈரமும் அவ்வழியே கசியும் என்பதால் அறை வறண்டால் முட்டை காய்ந்து, கரு செத்துவிடும். 25 டிகிரி செல்சியஸ், 75 முதல் 80 சதவீத ஈரப்பதம் என்று வைப்பது இதற்காகவே.

மூன்று, நான்கு மணிநேர இணைசேர்க்கைக்குப் பிறகு ஆணைப் பிரித்துவிட்டுப் பெண்ணை இருட்டில் விடுகிறார்கள். வயிற்று நுனியால் தாளைத் தடவித் தடவி, முட்டைகளை ஒட்டினாற்போல் ஒரே அடுக்காக இடும். ஒவ்வொன்றும் வெளிவரும்போதே பசை பூசப்பட்டிருக்கும். 400 முதல் 500 முட்டைகளில் பெரும்பகுதி முதல் 24 மணிநேரத்திலேயே வந்துவிடும். கருவுறாத முட்டை மஞ்சளாகவே இருந்து, பிறகு நடுவில் குழிந்துபோகும்.

ஆண்டுக்கு இரண்டு தலைமுறை காணும் இனங்களில்தான் உண்மையான வியப்பு. தாய், தான் முட்டையாக இருந்தபோது 25 டிகிரி வெப்பத்தில் வளர்ந்திருந்தால், கூட்டுப்புழுப் பருவத்தில் அதன் தலையடி நரம்பு முடிச்சிலிருந்து உறக்க ஹார்மோன் சுரந்து சினைக்குழலை அடையும். அது இடும் முட்டைகள் சில நாளில் பழுப்பேறிச் சாம்பல்ஊதாவாக மாறும். கரு வளர்ச்சியை நிறுத்திவிடும். அதே தாய் 15 டிகிரியில் அடைகாக்கப்பட்டிருந்தால், முட்டைகள் உறங்காமல் பத்துப் பன்னிரண்டு நாளில் பொரிந்துவிடும்.

உறங்கும் முட்டை விழிக்க வேண்டுமானால் மாதக்கணக்கில் குளிர் தேவை. காத்திருக்க முடியாதபோது அமிலக்குளியல் கைகொடுக்கும்: இட்டு 20 மணிநேரம் ஆன முட்டைகளை, 1.075 ஒப்படர்த்தி கொண்ட ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 46 டிகிரியில் 5 நிமிடம் நனைத்து, அமிலவாடை போகும்வரை நீரில் அலசவேண்டும். இங்கே நேரம்தான் எல்லாம். தாமதித்தால் உறக்கம் வேரூன்றி, முட்டைகள் ஒழுங்காகப் பொரிக்காது. முந்தினால் இளங்கரு வெந்துபோகும்.

பெப்ரின் நோய்க்கு இந்த ஓடு தடையே அல்ல. அதன் ஒட்டுண்ணி தாயின் சினைக்குழலிலேயே முட்டைக்குள் புகுந்துவிடுவதால், வெளியே எவ்வளவு கிருமிநாசினி போட்டாலும் பயனில்லை. 1860களில் லூயி பாஸ்டர் வகுத்த வழிதான் இன்றும் நடைமுறை: முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது, பளபளக்கும் நீள்வட்ட வித்துகள் தென்பட்டால் அதன் முட்டைத் தொகுதி முழுவதையும் எரிப்பது.

பொரிப்பதற்கு ஓரிரு நாள் முன்பு, ஓட்டினூடே புழுவின் தலை கரும்புள்ளியாகத் தெரியும். அடுத்து முட்டை முழுதும் நீலம் பாயும். புள்ளி தெரிந்ததும் கறுப்புத் துணியால் மூடி, பொரிக்கும் நாள் விடியலில் வெளிச்சம் காட்டினால் புழுக்கள் ஒருசேர வெளிவரும். இதைத் தவறவிட்டால் இரண்டு மூன்று நாளாகத் தவணைமுறையில் வந்து, தோலுரிக்கும் நேரமும் இலை போடும் வேளையும் கடைசிவரை ஒத்துவராது.