பாட்டைப் போட்டால் வீடியோ மறையுமா?

2021 ஜூன் கடைசியில், அமெரிக்காவின் ஓக்லாந்து நகர நீதிமன்றத்துக்கு வெளியே போராட்டக்காரர்கள் சிலர் காவல் அதிகாரி ஒருவருடன் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி தன் செல்போனை எடுத்து டெய்லர் ஸ்விஃப்ட் பாட்டு ஒன்றைப் போட்டார். எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், யூடியூபில் ஏற்ற முடியாது என்று காரணமும் சொன்னார். அவர் நினைத்தது நடக்கவில்லை, வீடியோ பரவலாகவே பார்க்கப்பட்டது. ஆனாலும் கேமராவைப் பிடுங்காமலே காட்சியை மறைத்துவிடலாம் என்று சீருடையில் இருப்பவருக்குத் தோன்றியதே, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அவர் நம்பியது, வீடியோவில் வேறொருவருக்கு உரிமையுள்ள பாட்டு இருக்கிறதா என்று தானாகவே கண்டுபிடிக்கும் யூடியூபின் 'கன்டென்ட் ஐடி' என்ற ஏற்பாட்டை. 2006ல் கூகுள் 165 கோடி டாலர் மதிப்பில் யூடியூபை வாங்கியது. மறுவருடமே வயாகாம் என்ற ஊடக நிறுவனம், தன் நிகழ்ச்சிகளை அனுமதியில்லாமல் ஏற்றுகிறார்கள் என்று 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. கன்டென்ட் ஐடி வந்ததும் அதே 2007ல்தான்.

இது பாட்டுக்குக் கைரேகை எடுக்கும் வேலை. பாட்டைச் சின்னச்சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக ஒலிக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். நேரத்தை இடமிருந்து வலமாகவும் அதிர்வெண்ணைக் கீழிருந்து மேலாகவும் வைத்து வரைந்தால், ஒலி ஒரு படமாகிவிடும். அதில் அக்கம்பக்கத்தைவிடப் பலமான உச்சங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்தால், இன்னும் கோடு இழுக்காத புள்ளிக்கோலம் மாதிரி இருக்கும். தெருச் சத்தம், கூட்டத்தின் பேச்சு, ஸ்பீக்கரின் கரகரப்பு எல்லாம் கலந்தாலும் அந்தப் புள்ளிகளில் பல தப்பிவிடும். அப்புறம் புள்ளிகளை ஜோடி சேர்க்க வேண்டும். இரண்டு புள்ளிகளின் அதிர்வெண்கள், நடுவில் உள்ள நேரம், இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு எண். புதிய வீடியோவின் எண்கள் ஏற்கெனவே சேமித்த ஒரு பாட்டின் எண்களோடு, அதே வரிசையில், கொத்தாகப் பொருந்தினால் பாட்டு பிடிபட்டது. ஒலிக்கும் பாட்டு எது என்று சொல்லும் ஷாஸாம் செயலியின் பின்னால் இருக்கும் இந்த முறையை, அதை நிறுவியவர்களில் ஒருவரான ஏவரி வாங் 2003ல் விளக்கி எழுதினார். யூடியூபின் கணக்குமுறை தனி, ஆனால் ஒலியைக் கைரேகையாக்கி ஒப்பிடுவதுதான் அங்கும் அடிப்படை.

பொருத்தம் பார்க்கத்தான் இதற்குத் தெரியும். பாட்டு கல்யாண வீட்டில் ஒலிக்கிறதா, போராட்டத்தை மறைக்க ஒலிக்கிறதா என்று தெரியாது. 2018ல் பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையைத் தானே வாசித்து, இதேபோன்ற ஏற்பாடு உள்ள ஃபேஸ்புக்கில் போட்டார். அதில் 47 நொடி தங்களுடையது என்று சோனி மியூசிக் பெயரில் உரிமைக்கோரிக்கை வந்தது. பாக் இறந்தது 1750ல்!

சரி, யார் வேண்டுமானாலும் தன் படைப்பை கன்டென்ட் ஐடியில் பதிந்துகொள்ளலாமா? முடியாது. ஏராளமான படைப்புகளுக்கு உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத்தான் இந்தச் சாவி. பிடிபட்ட வீடியோவை முடக்குவதா, அதன் விளம்பரப் பணத்தை எடுத்துக்கொள்வதா, சும்மா கண்காணிப்பதா என்பதும் அவர்கள் முடிவு. 2021ன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் 72 கோடிக்கும் மேல் உரிமைக்கோரிக்கைகள் வந்ததாக யூடியூபே வெளியிட்டது. மறுப்பு வந்தது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றுக்கு. அப்படி மறுத்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் ஜெயித்தார்கள். மறுக்காமல் விட்டவர்களில் எத்தனை பேர் பயந்து விட்டிருப்பார்கள் என்ற கேள்வியை என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஏனென்றால் மறுப்பை முதலில் படித்து முடிவு சொல்வது யூடியூப் அல்ல, உரிமை கோரிய அதே தரப்பு. அதற்கு 30 நாள் அவகாசம். அதே வாரத்தில் ஊர் பார்த்திருக்க வேண்டிய வீடியோ அதுவரை முடங்கிக் கிடக்கலாம்.