கடலுக்குப் போகும் போனில் படம் ஏற்றுவதற்கு முன்

ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். விசைப்படகுகள் டோக்கன் (கடலுக்குப் போவதற்கான அனுமதிச் சீட்டு) வாங்கிக் கிளம்பும் நாளில் காலையிலேயே கடையில் கூட்டம் இருக்கும். சார்ஜர் சொருகும் இடத்தில் உப்பு பூத்துப் பச்சையேறிய போன்களைச் சுத்தம் செய்வதுதான் முக்கால்வாசி வேலை. மற்றபடி, "அண்ணே, ராத்திரிக்கு ரெண்டு படம் ஏத்தித் தாங்க" என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் நானும் திருட்டுப் பிரதிகளை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். தப்பு என்று தெரிந்தே செய்தேன். இப்போது செய்வதில்லை.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பன் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். போன் கொதிக்கிறது, மெசேஜ் எதுவும் வருவதில்லை என்றார். திறந்து பார்த்தால், டெலிகிராமில் வந்த புதுப்பட லிங்க் ஒன்றைத் தொட்டிருக்கிறார். "படம் ஓட இந்த பிளேயரை நிறுவுங்கள்" என்று ஒரு ஏபிகே கோப்பு (பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலியை நிறுவும் கோப்பு) இறங்கியிருக்கிறது. அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது, திரையைக் கையாள அனுமதி கேட்டது. படம் பார்க்கும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'அலோ' கொடுத்துவிட்டார். அதற்குப்பின் வங்கி அனுப்பும் ஓடிபி அவர் கண்ணில் படவே இல்லை. 61 நாள் கடலுக்குப் போகாமல் இருப்பதற்காக அரசு கொடுக்கும் நிவாரணம் 8,000 ரூபாயும் கணக்கிலிருந்து போய்விட்டது. அவர் மனைவி பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

இப்படி ஆனால் முதலில் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வேறு போனிலிருந்து உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. வந்த லிங்க்கையும் மெசேஜையும் அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி.

சினிமாக்காரர்களும் பழைய இடத்திலேயே நிற்கவில்லை. 2013-இல் வந்த 'விஸ்வரூபம்' படத்தை டிடிஎச்சில் வெளியிடப் போவதாகக் கமல்ஹாசன் அறிவித்தபோது திரையரங்கு உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில், 'பொன்மகள் வந்தாள்' திரையரங்குக்கே வராமல் அமேசான் பிரைமில் வந்தது. இன்று பல தமிழ்ப் படங்கள் நாலு வாரத்தை ஒட்டி ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. திரையரங்குக்குப் போகும் பிரதியும் பூட்டுப் போட்டுத்தான் போகிறது. குறிப்பிட்ட புரொஜெக்டருக்கு, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் சாவி தருகிறார்கள். காட்சிக்குள் மறைந்திருக்கும் குறியை வைத்து, கேமராவில் திருட்டுத்தனமாக எடுத்தது எந்தத் திரையரங்கில் என்று கண்டுபிடிக்க முடியும். 2023-இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி, அப்படி எடுப்பவருக்கும் லாபத்துக்காகப் பரப்புபவருக்கும் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம். லாபத்துக்காக இல்லாவிட்டாலும், "குரூப்பில் வந்ததைத்தானே அனுப்பினேன்" என்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம்.

சரி, நடுக்கடலில் டவர் கிடையாது, படம் எப்படிப் பார்ப்பது? ஓடிடி செயலிக்குள்ளேயே டவுன்லோட் பொத்தான் இருக்கிறது. கரையில் வைஃபை கிடைக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே ஓடும். அதற்கெல்லாம் தனியாகப் பணம் கட்ட வேண்டுமே என்பார்கள். பல ரீசார்ஜ் திட்டங்களோடு ஏதாவது ஒரு ஓடிடி சேர்ந்தே வருகிறது. காசு கட்டியும் அது இருப்பதே தெரியாதவர்களை நான் தினமும் பார்க்கிறேன். உங்கள் திட்டத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

இறக்கிய படத்துக்குக் கெடு உண்டு. சில செயலிகளில் பார்க்கத் தொடங்கினால் 48 மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும். காலையில் போய் மறுநாள் திரும்பும் படகுக்கு அது தாராளம். நாலைந்து நாள் தங்கித் தொழில் பார்ப்பவர்கள், கரையிலேயே ஓடவிட்டுப் பார்த்துப் பாதியில் நிறுத்தாதீர்கள். கெடு அப்போதே ஓடத் தொடங்கிவிடும். இன்னொன்று, பாலித்தீனில் போனைச் சுற்றிக் கட்டுவதற்கு முன் ஏரோபிளேன் மோடில் போட்டு, இறக்கிய படம் செயலியின் டவுன்லோட் பட்டியலில் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதி இறங்கிய படத்தைப் படகில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.