கச்சான் வேரக் கிண்டிப் பாருங்க, மண்ணுக்கு என்ன நடக்குதெண்டு தெரியும்

மட்டக்களப்புக் கரையோர மணல் தறையில கச்சான், கௌபி செய்யிற ஆக்கள் என்னட்ட அடிக்கடி கேக்கிறது, "சேர், பசளை போட்டும் ஏன் மஞ்சளாவே நிக்குது?" எண்டுதான். காரணம் பல இருக்கலாம், ஆனா நான் முதல்ல ஒரு செடிய மண்ணோட கிண்டி எடுத்து வேரில இருக்கிற முடிச்சு ஒண்ட நகத்தால கீறிப் பாப்பன். உள்ளுக்கு இளஞ்சிவப்பா இருந்தா றைசோபியம் பக்டீரியா காத்தில இருக்கிற நைதரசனப் பிடிச்சு செடிக்குக் குடுக்குது. வெள்ளையா இருந்தா, இல்லாட்டி முடிச்சே இல்லையெண்டா என்ர அடுத்த கேள்வி, இந்த இடத்தில முந்தி என்ன கொட்டினீங்க?

பழைய பற்றரிய உடைச்சு வலைக்கு ஈயக்குண்டு உருக்கின இடம், குப்பை எரிச்ச சாம்பல் போட்ட மூலை, செம்பு கலந்த பங்கசு மருந்து வருசக்கணக்கா அடிச்ச தோட்டம், இப்பிடி ஏதாவது ஒண்டு வரும். இதெல்லாம் ஈயம், செம்பு மாதிரிப் பார உலோகங்கள மண்ணில சேக்கிற வேலை. பொஸ்பேட் பசளையிலயும் கட்மியம் எண்ட நச்சு உலோகம் கொஞ்சம் இருக்கு, அது பாறையில இருந்தே வாறது. இலை குழை உக்கிப்போகும், ஈயமும் கட்மியமும் உக்காது, கிடந்து நுண்ணங்கிகளின்ர நொதியங்கள முடக்கும், யூரியாவ உடைக்கிற வேலை, அமோனியாவ நைத்திரேற்றாக்கிற வேலை, சருகு உக்கிற வேலை எல்லாம் மந்தமாகும், மிஞ்சின நுண்ணங்கியும் உயிர் தப்பவே சக்தியச் செலவழிக்கிறதால பெருகாது.

இங்கிலாந்தில வோபேர்ன் எண்ட இடத்தில 1942இல இருந்து 1961 வரைக்கும் பார உலோகம் கலந்த கழிவுநீர்ச் சேறைப் பசளையாப் போட்டவங்க. நிப்பாட்டி இருபது வருசத்துக்கு மேல போயும் அந்த மண்ணில, குளோவர் எண்ட, கச்சான் மாதிரி வேரில முடிச்சு வாற செடிக்கு நைதரசன் பிடிச்சுக் குடுக்க ஏலாத றைசோபியம்தான் மிஞ்சிக் கிடந்தது.

நம்மட மணலில உலோகத்தப் பிடிச்சு வைக்கக் களியும் இல்ல, உக்கலும் குறைவு. அம்பாறைப் பக்கத்து வயல்ல தண்ணி நிக்கேக்க கட்மியம் கரையாத சல்பைட்டாக் கட்டுப்பட்டுக் கிடக்கும், வெட்டுக்கு முன்னம் வடிச்சாத் திரும்பக் கரையத் தொடங்கும்.

எனக்கு உண்மையாவே பயம் பற்றரி உருக்கிறதுதான், பிள்ளைகள் விளையாடுறதும் அதே மண்ணிலதானே. தயவு செய்து வளவுக்குள்ள அத உடைக்கவோ உருக்கவோ வேணாம். கூட்டெரு நல்லாப் போடுங்க, மண் புளிச்சிருந்தா (அமிலமா இருந்தா) மட்டும் டொலமைற் சுண்ணாம்புத் தூள் போடுங்க, ரெண்டும் உலோகம் கரையிறதக் குறைக்கும், ஆனா இல்லாமலாக்காது. சாதாரண மண் பரிசோதனையில பார உலோகம் பாக்கிறதில்ல, தனியாக் கேட்டுச் செய்யோணும். அதுவரைக்கும் சந்தேகமான மூலையில கீரை, கிழங்கு ஒண்டும் வைக்காதீங்க, பூமரம் வைங்க.